சில்மியா ராத்தா சிலாபம் போனது எதற்காக

இதை யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதத் தொடங்குமுன் உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். உங்கள் வீட்டு ஆண்களுக்குக் காட்ட வேண்டாம். மாமிமாருக்கும் காட்ட வேண்டாம். சில்மியா ராத்தாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கலியாண வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் அழுதவர்களுக்கும் மட்டும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். சிலரை வீடியோவில் மட்டும் தெரியும். வாப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். நான் கணிதக் கொப்பியின் பின்பக்கத் தாள்களில், உம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்று சனிக்கிழமை. பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தது. “கத்தாரில் தொழில் புரியும் ரிபாய் அவர்களின் மனைவியும், மர்ஹூம் ஹனீபா அவர்களின் மகளுமானவர் சிலாபத்தில் வபாத்தானார்” என்று மோதினார் வாசித்தார். எங்கள் பள்ளியில் பெண்களின் மரணத்தை அப்படித்தான் அறிவிப்பார்கள். பெயர் வராது. நான் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் மனைவி என்றுதான் காதில் விழுந்தது. உம்மா குசினியிலிருந்து வெளியே வந்தார்.

“ரிபாய்ட பொண்டாட்டியா? எங்கட சில்மியாவா? காலையில பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள கண்டேனே.”

சிலாபம் என்ற சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த வாப்பாவின் சாரத்தை மடித்து முடித்தேன். பிறகு இன்னொன்றை எடுத்து அதையும் மடித்தேன். அப்படிச் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டாலும், சில்மியா ராத்தா எனக்குச் சொந்தமில்லை. மதுரங்குளிச் சந்திக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் நான்காவது வீடு. முப்பத்தொரு வயது. மகள் ஹனாவுக்கு ஆறு. அவர் செய்த வேலையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதை ஏன் அப்படிச் செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் கமராக்காரர் வருவதில்லை. படம் எடுப்பதும் பெண்தான். ஆனால் எடுத்த படங்களை வெட்டிச் சேர்க்கப் புத்தளத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், அங்கே கடைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள். முக்காடில்லாமல் ஆடிப் பாடிய பெண்களை முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவில் ஆளை நிறுத்திக் காவல் காத்ததெல்லாம் வீணாகிவிடும். அதனால்தான் ராத்தா தன் வீட்டிலேயே அந்த வேலையைத் தொடங்கினார். மெஷின் என்று அவர் சொல்லும் கொம்பியூட்டருக்கு இணைய இணைப்பு கொடுத்ததேயில்லை. பழுதானாலும் அது கடைக்குப் போகாது. வேலை முடிந்ததும் மணப்பெண்ணையே வரவழைத்து, பிரதியைக் கையில் கொடுத்து, மெஷினில் இருப்பதைக் காட்டி, “உன்ட கையாலயே அமத்து” என்பார். நீங்கள் அழித்த பிறகு, திரையில் வெறுமையாகிவிட்ட கோப்புறையைத் திறந்து காட்டி, “பாத்துட்டியா? இப்ப போய் நிம்மதியா குடும்பம் நடத்து” என்பார்.

ஒரு நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். கற்பிட்டிப் பக்கத்துக் கலியாணம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டேன். “பொண்ணுட சிரிப்பையும் வெட்டக்கூடா, அழுகையையும் வெட்டக்கூடா. சோறு பத்தல்லெண்டு மொகத்தச் சுளிக்கிற மாமியை மட்டும் வெட்டணும். இல்லாட்டி வருசா வருசம் அதைத்தான் போட்டுப் பாப்பாங்க” என்றார். அந்த மாமியை உண்மையாகவே வெட்டினார். பிறகு யோசித்து, அவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் இடத்தைத் தேடியெடுத்து வைத்தார்.

அவருடைய உம்மா தொண்ணூறில், முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்தவர். கலியாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு பையோடு வந்தார். கலியாணப் படங்கள் அங்கே அலுமாரிக்குள் இருந்துவிட்டன. ராத்தா பிறந்தது இங்கே வந்து நாலு வருடம் கழித்து. ஒருமுறை அவர் என்னிடம் சொன்னார்: “உம்மா பொண்ணா உடுத்தி நிக்கக்குள்ள எப்படி ஈந்தாவெண்டு எனக்குத் தெரியா. கேட்டா, உன்ன மாதிரித்தான் எண்டு சொல்லுவா. அது ஒரு பதிலா?” அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. திரும்பி வேலையைப் பார்த்தார்.

நான் அவரிடம் போனது போன வருடம். மெஷினின் காற்றாடி பெரிய சத்தம் போடுகிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். “பள்ளிக்கூடத்துல கொம்பியூட்டர் படிக்கிற புள்ள நீதானே?” என்று கேட்டார். நான் பத்தாம் வகுப்பு. தகவல் தொழினுட்பப் பாடம் எடுத்திருந்தேன். அவ்வளவுதான். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டேன், சத்தம் நின்றது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. அந்த அறைக்குள் ஆண்களை விட முடியாது. மெஷினை வெளியே கொண்டுபோக முடியாது. பெண்களில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னதை அவர் டொக்டர் சொன்னதைப்போல் கேட்டார்.

ஆனால் விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். “வெளங்கல்ல. திரும்பச் சொல்லு” என்பார். நான் திரும்பச் சொல்வேன். எனக்கே தெரியாததை இன்னும் நிச்சயமான குரலில் சொல்வேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மெஷின் அடிக்கடி நின்றது. இப்போதைய கமராக்களில் வரும் படங்கள் மிகப் பெரியவை. அதில் இருந்த ரேம் எட்டு ஜீபி, நாலு நாலாக இரண்டு துண்டு. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. அதனால் திரையில் படம் காட்டும் வேலைக்கும் அந்த எட்டிலிருந்தே கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. இதுவரை நான் சொன்னது சரி. அதற்கு மேல் சொன்னதுதான் பிழை.

“எட்டு ஜீபி கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு போட்டாச் சரி ராத்தா. இதுல எட்டு, அதுல எட்டு. பதினாறாகிடும்.”

“ரெண்டும் ஒண்டா சேருமா?”

“ஓம், சேரும்.”

“வெளங்கல்ல. வேற வேற இடத்துல ஈக்குறது எப்படி ஒண்டா சேருற?”

“எல்லாம் மெமரிதானே ராத்தா” என்றேன்.

இது சரியான கேள்வி. அவர்தான் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இன்று அவர் இருந்திருப்பார். இந்த வரியை நான் மூன்று முறை வெட்டிவிட்டுத் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

கார்டைக் கத்தாரில் வாங்கி, ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார் ரிபாய் மச்சான். பெட்டியைப் பார்த்த மச்சானின் உம்மா, நாங்கள் மாமி என்று கூப்பிடுபவர், “வீட்டுல நல்ல பிரிட்ஜ் ஒண்டில்ல. பெட்டிக்குள்ள போட்டு மூடுற சாமானுக்கு எம்பட்டு ஓட்டம்” என்றார். ராத்தா சிரித்துக்கொண்டே, “பிரிட்ஜும் பெட்டிதான் மாமி, அதுக்குள்ளயும் போட்டுத்தானே மூடுற” என்றார். மாமியும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கார்டை மெஷினுக்குள் பொருத்திப் பூட்டியது நான்தான். ராத்தா பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டார். திரையில் கார்டுக்கென்று எட்டு, பகிர்ந்துகொள்ளும் மெமரி என்று நாலு, மொத்தம் பன்னிரண்டு என்று காட்டியது.

“பாருங்க, பன்னிரண்டு காட்டுது.”

“நீ பதினாறெண்டுதானே சொன்ன?”

“மிச்சத்தை அது தனக்கு வச்சுக்கொள்ளும்” என்றேன். அப்படி எதையும் நான் படித்ததில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. படம் தடக்காமல் ஓடியது. ஸஹ்லாவின் கலியாணம் வந்தபோதுதான் பிடிபட்டது. ஸஹ்லா, இதை நீங்களும் வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெட்டும் வேலை முழுவதும் முடிந்து, எல்லாவற்றையும் ஒரே படமாக்கும் கட்டத்தில் மெஷின் நின்றது. திரும்பப் போட்டார், அதே இடத்தில் நின்றது. நாலு முறை அப்படி நடந்தது. நீங்கள் அடுத்த புதன்கிழமை மாப்பிள்ளையிடம் வெளிநாடு போகவிருந்தீர்கள். உங்கள் கையால் அழிக்காமல் உங்களை அனுப்ப ராத்தாவுக்கு மனமில்லை. “பொண்ணு பிளேன் ஏறின பொறகு அது என்ட மெஷினுக்குள்ள கெடக்கக்கூடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும், பரீட்சைக்குக் கேட்பதுபோல் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் நின்றபடியே பதில் சொன்னார். வீடியோ டிஸ்கிலிருந்து முதலில் ரேமுக்குத்தான் வருமாம். அங்கிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்டுக்குப் போகுமாம். கார்டின் மெமரி கார்டின் வேலைக்கு மட்டும். அது ரேமோடு கூடுவதில்லை. நான் கண்டு சந்தோசப்பட்ட அந்த நாலு ஜீபி தனியாக எங்கும் இல்லை. கார்டுக்குத் தன்னுடையது போதாமல் போனால், ரேமில் பாதி வரை இரவல் எடுக்கலாம் என்பதைத்தான் திரை காட்டியிருக்கிறது. பெரிய கார்ட் போட்டால் ரேமையும் கூட்ட வேண்டும், கார்டில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காவது வைத்துக்கொள்வது நல்லது என்றார் மிஸ்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் ராத்தாவிடம் சொன்னேன். திரையைத் திறந்து இருவரும் பார்த்தோம். ரேம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கார்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ராத்தாவுக்கே விளங்கியது. அவருடைய உம்மா புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்தவர். சின்ன வயதில் ராத்தாவும் கூடப் போயிருக்கிறார்.

“உப்பளத்துல கடல்தண்ணியை மொதல்ல பெரிய பாத்தியில விடுவாங்க. அதுலேர்ந்துதான் சின்னப் பாத்திக்குப் போகும், அங்கதான் உப்பு வெளையும். நாங்க என்ன செஞ்சீக்கிறோம்? சின்னப் பாத்தியை நல்லாப் பெருசா கட்டிட்டு, பெரிய பாத்தியை அப்படியே விட்டீக்கிறோம். அதுல தண்ணி இல்லாம இது என்ன செய்யும்?”

நாங்க என்றார். நீ என்று சொல்லவில்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டு ஒன்றைக் கேட்டேன். அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. “ராத்தா, நான் பிழையாச் சொன்னேனெண்டு யாருக்கும் சொல்லாதீங்க” என்று கேட்டேன். முன்பு ஒருமுறை நான் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பழுதாக்கியபோது வாப்பா சொன்னது என் மனதில் இருந்தது. “இனி ஆராவது வந்து, உன்ட மகள் சாமானப் பழுதாக்கிட்டாளெண்டு சொன்னா, அந்தப் பாடமும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம்” என்று சொல்லியிருந்தார். கடல் கடந்து வந்த கார்ட் என் சொல்லால் வீணானது என்று மாமிக்குத் தெரிந்தால், அன்றே வாப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

“சரி, ஆருக்கும் சொல்லல்ல. கார்ட் வீணில்ல, ரேம் போட்டாச் சரி. நாளைக்குப் புத்தளம் போய் வாங்கிட்டு வாறேன்.”

“புத்தளம் வேணாம் ராத்தா. அங்க கடையில இருக்குறவங்க மச்சான்ட கூட்டாளிமார். அவருக்குக் கோல் எடுத்துச் சொல்லிடுவாங்க.”

“அப்ப?”

“சிலாபத்துல வாங்குங்க.”

நான்தான் சிலாபம் என்றேன். மெஷினைக் கடைக்குக் கொண்டுபோக முடியாததால், மாதிரி காட்டுவதற்காக ரேம் துண்டுகளில் ஒன்றை என் கையால் கழற்றி, துணியில் சுற்றிக் கொடுத்தேன். என்ன வகை, எத்தனை ஜீபி, எத்தனை துண்டு என்பதை ஒரு சிறு கடதாசியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். ராத்தா அதைப் பர்சுக்குள் வைத்தார். தன்னோடு ஒரே வீட்டில் இருந்த தன் உம்மாவிடம்கூட எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போனார். நான் கேட்டுக்கொண்டபடியே நடந்தார்.

சிலாபத்தில் ரேமை வாங்கிக்கொண்டு, பஸ் தரிப்பிடத்துக்குப் போகப் பெரிய வீதியைக் கடக்கும்போது லொறி மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைக்குமுன் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். மறுநாள்தான் ஜனாஸா வந்தது. பெண்கள் வரிசையில் நானும் போனேன். முகத்தில் காயமில்லை. ராத்தாவின் உம்மா ஹனாவின் தலையைப் பின்னி, அவிழ்த்து, மறுபடியும் பின்னிக்கொண்டிருந்தார்.

பொலிஸ் கொடுத்த கைப்பை மூன்றாம் நாள் திறக்கப்பட்டது. புதிய துண்டுகள் இரண்டு பெட்டியோடு இருந்தன. துணியில் சுற்றிய பழையதும் இருந்தது. பர்சுக்குள் என் கடதாசி இருந்தது. கொம்பியூட்டர் சாமான் என்று எல்லாருக்கும் விளங்கியது. ஆனால் கதை அங்கேதான் தொடங்கியது. மாமி அந்தக் கடதாசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதை நான் கதவருகில் நின்று கேட்டேன்.

“இது சில்மியாட எழுத்தில்ல. அவளுக்கு இங்கிலீசுல இப்படி எழுதத் தெரியா. எவனோ எழுதிக் குடுத்தீக்கான். பக்கத்துல புத்தளம் ஈக்கக்குள்ள, ஆருக்கும் சொல்லாம சிலாபத்துக்கு ஏன் போன? அங்க ஆரு காத்துட்டு நின்ட?”

அவர் அழுதுகொண்டுதான் சொன்னார். மகன் தூரத்தில் இருக்கிறான், மருமகள் போய்விட்டாள், காரணம் தெரியவில்லை. அந்த வெற்றிடத்துக்குள் அவர் ஒரு ஆணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் அதே அறையில் நின்றேன். அது என் எழுத்து என்று சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுவதும் அந்தக் கதைதான். அந்த ஆள் அவராக இருக்குமோ என்று, சந்தியில் போன் கடை வைத்திருப்பவரிடம் போய், ஒரு தாளைக் கொடுத்து அதே சொற்களை எழுதிக் காட்டச் சொன்னார்களாம். கலியாணம் பேசி முடித்த மனிதர். எழுதிக் கொடுத்தாராம். எழுத்து பொருந்தவில்லை. அப்படியும் அவர் கடைக்குப் பெண்கள் போவது நின்றுவிட்டது.

வாப்பாவும் கேள்விப்பட்டார். “அந்த வீட்டுப் பக்கம் இனிப் போகாதே. கதை நல்லமில்ல” என்றார். “ராத்தா நல்லவங்க வாப்பா” என்றேன். “நல்லவளோ கெட்டவளோ, எனக்கும் பொம்பளப் புள்ள ஈக்குது” என்றார். நான் சாப்பாட்டுப் பீங்கானைக் கழுவப் போனேன்.

நாளைக் காலை ரிபாய் மச்சான் வருகிறார். லீவு கிடைக்காததால் ஜனாஸாவுக்கு வரவில்லை. இப்போது வருவது மகளை எடுக்க. “அப்படிப் போனவள்ட வீட்டுல எங்கட புள்ள வளர ஏலாது” என்று மாமி சொல்லிவிட்டார். ஹனாவை மாமியின் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ராத்தாவின் உம்மாவுக்கு அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் இல்லை. ஹனாவும் அங்கே போய், தன் உம்மாவைப் பற்றி அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே வளர்வாள்.

உங்களில் சிலர் பயந்துபோய் விசாரித்ததாகவும் அறிந்தேன். எங்கட படங்கள் இன்னும் அந்த மெஷினுக்குள் இருக்கின்றனவா என்று கேட்டீர்களாம். இல்லை. நீங்கள் அழித்தது அழிந்ததுதான், ராத்தா பிரதி வைத்துக்கொள்ளவில்லை. ஸஹ்லாவின் கலியாணம் மட்டும் இருக்கிறது. அந்த அறையைப் பூட்டி, திறப்பை ராத்தாவின் உம்மா தன்னிடம் வைத்திருக்கிறார். அவர் யாரையும் உள்ளே விடவில்லை.

இனி நான் எழுத வேண்டியது ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணியளவில் உம்மாவின் போனுக்கு ஒரு கோல் வந்தது. உம்மா கிணற்றடியில் இருந்தார், நான் எடுத்தேன். சில்மியா ராத்தா. பின்னால் வாகனங்களின் இரைச்சல்.

“கெடச்சிட்டு புள்ள. நீ எழுதின அதேதான். கடைக்காரர் கடதாசித் துண்டைப் பாத்துட்டு, நல்லாத் தெரிஞ்ச ஆள்தான் எழுதீக்கிற எண்டார். எங்கட ஒழுங்கையில ஒரு புள்ள ஈக்குது, என்ட மெஷினுக்கு என்ன நோயெண்டு அதுதான் கண்டுபிடிச்ச எண்டு சொன்னேன். ஆரெண்டு கேட்டார், பேர் சொல்லல்ல. நீ பயப்படுவியே.”

“எப்ப வாறீங்க ராத்தா?”

“பஸ் வந்தா ரெண்டு மணிக்கு. பின்னேரம் வா, ரெண்டு பேருமாப் பூட்டுவோம்.”

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை. அறிவித்தல் வந்த அன்று மாலை, அந்தக் கோல் வந்த பதிவை உம்மாவின் போனிலிருந்து அழித்துவிட்டேன். யாரும் பக்கத்தில் இல்லை. யாருக்கும் காட்டாமல் அழித்தேன். ராத்தா எந்தப் பெண்ணுடையதையும் ஒருபோதும் அப்படி அழித்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோலில் அவர் சொன்னதைத்தான். முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம்கூட, பிழை சொன்ன பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. கண்டுபிடித்த பிள்ளை என்றுதான் சொன்னார். நான் செய்த இரண்டில் நல்லதை எனக்குத் தந்துவிட்டு, மற்றதைத் தானே எடுத்துக்கொண்டு போனார். இன்று ஊர் அவர் மேல் போட்டிருப்பது அந்த மற்றதைத்தான். அது என்னுடையது. அதை நான் திருப்பி எடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் நின்றுபோகும். வாப்பா அடிப்பாரா என்று தெரியவில்லை. மாமி என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்றும் தெரியவில்லை. ஒரு உயிர் போகக் காரணமானவள் என்று சொன்னாலும் சொல்வார். இதையெல்லாம் பத்து நாளாக யோசித்துவிட்டேன். யோசித்து யோசித்தே பத்து நாளும் போய்விட்டது. அதற்குள் இன்னொரு மனிதரைத் தாளில் எழுத வைத்துவிட்டார்கள்.

காலையில் மச்சான் வந்ததும் போவேன். மாமியிடம் அந்தக் கடதாசியை வாங்கி, அதற்குக் கீழேயே அதே சொற்களை எழுதிக் காட்டுவேன். பேச வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

மச்சான், ராத்தா சிலாபத்துக்குப் போனது ஆரையும் பாக்க இல்ல. மெஷினுக்கு ரேம் வாங்கத்தான். இது என்ட எழுத்து. கார்டைப் பத்திப் பிழையாச் சொன்னது நான், சிலாபத்துக்குப் போகச் சொன்னதும் நான். ஆருக்கும் சொல்லாதீங்க எண்டு அவங்கட கையப் புடிச்சுக் கேட்டதும்

கதவு தட்டுகிறார்கள். வாப்பாவின் குரல். வெளிச்சத்தைக் கண்டுவிட்டார். என் பெயரைச் சொல்லி இரண்டாம் முறை கூப்பிடுகிறார். எழுந்து திறக்கப் போகிறேன். கொப்பியை மூடவில்லை. இதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று உங்களிடம் கேட்டேனே, அதை நான் திருப்பி எடுத்து